பழைய வீட்டுக்கு எர்த்தும் புதிய பிளக் பாயிண்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரி வீட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல் தூண் வைத்த திண்ணை, சுண்ணாம்புப் பூச்சு, சீமை ஓடு, உள்ளே தேக்குச் சட்டத்தின் மேல் கிளிப் அடித்து ஓடும் இரட்டை வயர். பாலக்கோடு, அரூர், காவேரிப்பட்டணம், ராயக்கோட்டை பக்கம் இப்படிப்பட்ட வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. வயரிங் செய்த காலத்தில் அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டது நான்கு குண்டு பல்பு, ஒரு ரேடியோ, வசதி இருந்தால் ஒரு மின்விசிறி. இன்று அதே வயரில் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் கீசரும் ஏறியிருக்கின்றன. அந்த வீடுகளில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. மெயின் போர்டைத் திறக்கும் எந்த வேலையையும் உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள். அவர் செய்வது சரியா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பக்கம்.

எங்கள் வீட்டு பிளக்கில் மூன்று துளை இருக்கிறது. அப்படியென்றால் எர்த் இருக்கிறது என்றுதானே பொருள்?

இல்லை. எர்த் என்பது சாதனத்தின் உலோக உடலை மண்ணில் போட்ட எர்த் குழியோடு சேர்க்கும் வயர். மூன்றாவது துளை கடையில் வாங்கியபோதே வந்தது. அதன் பின்னால் வயர் வந்து சேர்ந்திருக்கிறதா என்பது தனிக் கதை. ஃபிரிட்ஜ் வாங்கிய அன்று அதன் பிளக் பழைய இரண்டு துளையில் நுழையவில்லை என்பதற்காக மூன்று துளை பாயிண்டை மாட்டிவிட்டு, எர்த் திருகாணியை வெறுமனே விட்ட வீடுகள் ஏராளம். சில வீடுகளில் பச்சை வயர் பாயிண்டிலிருந்து சுவிட்ச் போர்டு வரை வந்து அங்கேயே சுருட்டிக் கிடக்கும். சில வீடுகளில் எர்த் குழி வரை போயிருக்கும், ஆனால் குழியில் கிளாம்ப் துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். நிறத்தையும் நம்ப வேண்டாம்: சிவப்பு வயர் தீர்ந்துபோன நாளில் பச்சை வயரையே ஃபேஸுக்கு (மின்சாரம் வரும் வயருக்கு) இழுத்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

வயர்மேன் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கும்போது மூன்று அளவுகளைக் கேளுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் வயருக்கும்) இடையே 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறத்தாழ அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட், அதிகம் போனால் ஐந்து. ஃபேஸ்-எர்த் அளவு 60, 110 என்று தள்ளாடினால் அந்த எர்த் துளை அந்தரத்தில் தொங்குகிறது.

அளவு சரியாக வந்துவிட்டது என்பதாலும் எர்த் நன்றாக இருப்பதாக முடிவுகட்ட முடியாது. மல்டிமீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுப்பதால், ஒப்புக்குப் புதைத்த கம்பியும் அதில் 230 காட்டும். அதனால்தான் அனுபவமுள்ள வயர்மேன்கள் 100 வாட் குண்டு பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே எரித்துப் பார்க்கிறார்கள். பல்பு மங்கினால் எர்த் சரியில்லை. (கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற சுவிட்ச் இருக்கும் வீட்டில் இப்படிச் செய்தால் அது உடனே விழுந்துவிடும், அதாவது தானே அணைந்துவிடும். அதுவும் நல்ல அறிகுறியே.) இந்தச் சோதனை வயர்மேனுக்கு மட்டும். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் ஃபேஸைக் காட்டும். எர்த் இருக்கிறதா என்று சொல்லாது.

ஃபிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்கிறது. செருப்புப் போட்டிருந்தால் ஒன்றும் தெரிவதில்லை. இது பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு பழகிப்போவது இந்த ஊர்களில் பல வீடுகளில் கண்ட வழக்கம், விபத்துகள் நடப்பதும் அப்படிப்பட்ட வீடுகளில்தான். தரை ஈரமாக இருக்கும் ஒரு நாளில் அதே ஃபிரிட்ஜ் சுருக்கென்பதோடு நிற்காது.

காரணம் இரண்டில் ஒன்று. மின்னணு பாகங்கள் உள்ள சாதனங்களில் இரைச்சலைத் தடுக்க வைக்கும் சிறு மின்தேக்கிகள் வழியே உடலுக்கு எப்போதும் கொஞ்சம் கசிவு இருக்கும். எர்த் இருந்தால் அது அப்படியே வழிந்துபோகும். இல்லையென்றால் சாதனத்தின் உலோகப் பகுதியில் பாதி வோல்டேஜ் வரை மிதக்கும், தொட்டால் குறுகுறுக்கும். இது கணினிப் பெட்டியிலும் நடக்கும். இரண்டாவது காரணம், கம்ப்ரஸர் அல்லது வயரின் காப்பு கெட்டுப்போய் நேரடியாக ஃபேஸ் உடலைத் தொடுவது. எது என்று கையால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆளை வரவழையுங்கள்.

எர்த் இருந்தால் கரண்ட் பூமிக்குள் போய்விடும், எம்சிபி (அதிக மின்னோட்டம் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடும் என்கிறார்கள். பிறகு ஆர்சிசிபி எதற்கு?

கேட்பவர்களில் பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறார்கள். பதிலுக்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

மின்சாரம் பூமிக்குள் போய் மறைந்துவிடுவதில்லை. அது புறப்பட்ட இடத்துக்கே, அதாவது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலுக்கே திரும்ப வேண்டும். அந்த நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர் அடியில் எர்த் செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே உங்கள் ஃபிரிட்ஜில் ஃபேஸ் உடலைத் தொட்டால், மின்னோட்டம் உங்கள் எர்த் குழி வழியாக மண்ணில் இறங்கி, மண்ணைக் கடந்து, டிரான்ஸ்ஃபார்மரின் எர்த்தில் ஏறியாக வேண்டும். நடுவில் இருக்கும் மண்தான் தடை.

தடையை ஓமில் அளப்பார்கள். உங்கள் எர்த்தின் தடை 20 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் எர்த்தின் தடை 5 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட்டை 25 ஆல் வகுத்தால் 9.2 ஆம்பியர். ஃபிரிட்ஜ் பாயிண்டுக்கு 16 ஆம்பியர் எம்சிபி போட்டிருக்கிறீர்கள். அதற்கு 9 ஆம்பியர் என்பது சாதாரணச் சுமை; நாள் முழுவதும் கடத்திக்கொண்டே இருக்கும். வீட்டில் பரவலாகப் போடும் சி வகை எம்சிபி உடனடியாக விழ வேண்டுமானால் அதன் அளவைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 80 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். இதற்கிடையில் ஃபிரிட்ஜின் உடலில் 9.2 பெருக்கல் 20, அதாவது 184 வோல்ட் நிற்கிறது. எர்த் இருக்கிறது, எம்சிபி இருக்கிறது, இரண்டும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆனாலும் ஃபிரிட்ஜைத் தொடுபவர் தப்புவது கடினம்.

கரண்ட் பில்லிலும் இது தெரியும். அந்தக் கசிவு நாளொன்றுக்கு 50 யூனிட் அளவில் தின்னும். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் இலவச யூனிட் சில நாளிலேயே தீர்ந்துவிடும். காரணமில்லாமல் பில் எகிறியிருந்தால் மீட்டரைத் திட்டுவதற்கு முன் எல்லாச் சாதனங்களையும் நிறுத்திவிட்டு மீட்டர் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஆர்சிசிபி வேறு வழியில் வேலை செய்கிறது. ஃபேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமா என்று ஓயாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லிஆம்பியர் வித்தியாசம் வந்தால், அதாவது ஒரு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு வெளியே கசிந்தால், ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். மேலே சொன்ன 9.2 ஆம்பியர் அதற்கு மிக மிக அதிகம். எர்த் 20 ஓம் இல்லாமல் 150 ஓம் இருந்தாலும் ஒன்றரை ஆம்பியர் கசியும். அதற்கும் உடனே விழும்.

பாறை நிலத்தில் வீடு கட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம். நல்ல எர்த் கிடைப்பது கடினமான ஊரில் ஆர்சிசிபி இல்லாத எர்த் பாதி வேலைகூடச் செய்யாது. எர்த்தே இல்லாத ஆர்சிசிபியும் முழுமையல்ல: மனிதர் தொட்டு, அவர் உடல் வழியாகக் கசிந்த பிறகுதான் அது விழும். இரண்டும் வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் கசிவைக் கண்டு துண்டிக்கும் சாதனத்தைக் கேட்கின்றன.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் ஆர்சிசிபிக்கு நீங்களும் ஒரு குண்டு பல்பும் ஒன்றே. அதிகச் சுமையையும் அது பார்க்காது. அதற்கு எம்சிபி கூடவே இருக்க வேண்டும்.

எங்கள் இடம் முழுக்கப் பாறை. இரண்டடி தோண்டினால் கடப்பாரை ணங்கென்கிறது. எர்த் குழி எப்படிப் போடுவது?

கிருஷ்ணகிரியில் கிரானைட் எடுக்கிறார்கள் என்றால் அந்தக் கிரானைட் நம் வீட்டுக்கு அடியிலும் இருக்கத்தானே செய்யும். பர்கூர், சூளகிரி, பென்னாகரம் பக்கம் இந்தக் குறை எப்போதும் கேட்கிறது.

வழக்கமான எர்த் குழி என்பது 40 மி.மீ. விட்டமுள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், 2.5 மீட்டர் நீளம், செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி, மேலே புனல் வைத்துத் தண்ணீர் ஊற்ற வழி செய்வது. ஈரக் களிமண்ணில் 15 ஓம் அளவில் தரும் இதே பைப், காய்ந்த சரளையில் 150 ஓமைத் தாண்டும். பைப்பை எவ்வளவு தடிமனாக வாங்கினாலும் இதில் பெரிய மாற்றம் வராது. தடையை நிர்ணயிப்பது பைப்பைச் சுற்றியுள்ள மண்ணும் பைப் மண்ணில் இறங்கிய நீளமுமே.

இடம் தேர்வு செய்வதில்தான் பாதி வெற்றி. வீட்டுக்குப் பின்னால் சமையலறைத் தண்ணீர் போய் வாழை செழித்திருக்கும் இடம் இருந்தால் அங்கே போடுங்கள். பாத்திரம் கழுவும் கல், துணி துவைக்கும் கல் பக்கமும் நல்லது. அஸ்திவாரத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். முன்வாசலில், மீட்டர் பெட்டிக்கு நேர் கீழே, சிமெண்ட் தளத்தைக் குடைந்து போடும் குழி வயர்மேனுக்குத்தான் வசதி. அந்த மண்ணில் ஈரமே இருக்காது.

ஆழம் கிடைக்காவிட்டால் நீளத்தில் தேடுங்கள். முக்கால் மீட்டர் ஆழத்தில் பத்துப் பதினைந்து மீட்டர் நீளத்துக்கு வாய்க்காலாக வெட்டி, அடியில் ஜிஐ பட்டையைப் படுக்கவைத்து, தோண்டிய சரளையைத் திரும்பக் கொட்டாமல் களிமண்ணோ வண்டலோ போட்டு மூடலாம். பாறையில் இது நின்ற பைப்பைவிடப் பல இடங்களில் நன்றாக வேலை செய்கிறது. இரண்டு பைப் போடுவதானால் இடையே ஐந்து மீட்டர் விடுங்கள். ஓரடி தள்ளி அடுத்த பைப்பை அடித்துவிட்டு இரட்டை எர்த் என்று காசு வாங்குவது ஏமாற்று. இரண்டும் ஒரே மண்ணைப் பங்கு போடும்போது ஒன்றின் பயன்தான் கிடைக்கும்.

உப்பைப் பற்றி: முதலில் தடை நன்றாகக் குறையும். பிறகு மழையில் கரைந்து போகும், போகும்போது ஜிஐ பைப்பையும் அரித்துவிட்டுப் போகும். கரி நிற்கும். பென்டோனைட் என்னும் களிமண் பொடி ஈரத்தைப் பிடித்துவைக்கும், இரும்பை அரிக்காது. பாறை நிலத்துக்கு அதற்குக் கொடுக்கும் பணம் தகும். ‘கெமிக்கல் எர்த்திங், ஆயுள் முழுக்கப் பராமரிப்பே தேவையில்லை’ என்ற விளம்பரத்தில் முதல் பாதியை ஏற்றுக்கொள்ளலாம்.

அளக்கும்போது ஏப்ரல், மே மாதங்களில் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழையில் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தே. கோடையில் வாரம் ஒரு முறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும்.

போர்வெல்லின் இரும்புக் கேசிங்கில் எர்த் வயரைக் கட்டிவிட்டால் என்ன? ஆழமாகத்தானே இருக்கிறது?

ஆயிரம் அடி போர் போட்டவருக்கு இந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் கேசிங் ஆயிரம் அடி போவதில்லை. கெட்டிப் பாறை வரும் வரைதான். வீட்டில் பழுது வந்தால் கேசிங், இரும்புக் குழாய், அதில் மாட்டிய குழாய்த் தலை எல்லாம் மின்சாரம் ஏறி நிற்கும். நாளை பிளம்பர் வந்து ஒரு துண்டை பிவிசியாக மாற்றினால் எர்த் போய்விடும், யாருக்கும் தெரியாது. தண்ணீர்க் குழாயை எர்த்தாக நம்பக் கூடாது. தனிக் குழி போட்டு, மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் அங்கிருந்து வயர் கொண்டுபோங்கள்.

எங்கள் வயர்மேன் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன வயரால் இணைத்துவிட்டார். சுருக்கென்பது நின்றுவிட்டது. பரவாயில்லையா?

இன்றே கழற்றச் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருப்பவர்கள் இதைப் படிக்கட்டும்.

அந்தத் துண்டு வயரால் ஃபிரிட்ஜின் உலோக உடல் நியூட்ரலோடு சேர்ந்துவிட்டது. நியூட்ரல் முழுதாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. கம்பத்தில் ஜம்பர் (இணைப்புக் கம்பி) கழன்றாலோ, போர்டில் திருகாணி தளர்ந்தாலோ, பழைய நியூட்ரல் ஃபியூஸ் போனாலோ, ஃபேஸ் ஃபிரிட்ஜின் மோட்டார் வழியாக வந்து, திரும்பிப் போக வழியில்லாமல், அந்தத் துண்டு வயர் வழியே உடலில் ஏறி நிற்கும். முழு 230 வோல்ட். வீடு இருட்டாக இருக்கும், கரண்ட் இல்லை என்று நினைத்து ஃபிரிட்ஜைத் திறப்பார்கள். பிளக்கில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால் நியூட்ரல் அறுபடக்கூட வேண்டியதில்லை. செருகிய நொடியிலேயே உடலில் ஃபேஸ் இருக்கும்.

இதன் மறுபக்கமும் உண்டு: நியூட்ரல் போன இரவில் எர்த் வயரையே நியூட்ரலாக வைத்து விளக்கெரிப்பது. அந்த நேரத்தில் வீட்டின் எர்த் துளைகள் எல்லாவற்றிலும் வோல்டேஜ் ஏறும். நியூட்ரல் போய்விட்டால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லிவிட்டு மெயினை அணைத்துவையுங்கள். மும்முனை இணைப்பு உள்ள வீடு என்றால் கட்டாயம் அணைக்க வேண்டும். நியூட்ரல் இல்லாத மும்முனையில் ஒரு பக்கம் 400 வோல்ட்டை நெருங்கி டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் புகைந்துவிடும்.

மெயின் போர்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இரண்டிரண்டாக இருக்கின்றன. நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்ற வேண்டுமா?

இரண்டிரண்டாக இருப்பதே மாற்றுவதற்குப் போதிய காரணம். பழைய வழக்கத்தில் ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று ஃபியூஸ் போட்டார்கள். நியூட்ரலில் உள்ளது முதலில் எரிந்தால் விளக்கு அணையும், ஆனால் வீட்டு வயரிங் முழுக்க ஃபேஸ் உயிரோடு இருக்கும். நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் கூடாது என்று 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. வீடுகளில்தான் அது இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

ஃபியூஸ் கம்பிக்குப் பதில் செம்பு வயரின் இழைகளை முறுக்கிப் போட்டிருந்தால் அது ஃபியூஸே அல்ல. அப்படி எத்தனை கட்டைகளில் இருக்கிறது என்று பார்த்தால் எம்சிபி பெட்டி வாங்குவதைப் பற்றி இரண்டாவது முறை யோசிக்க மாட்டீர்கள்.

மரச் சட்டத்தில் ஓடும் பழைய வயரை அப்படியே வைத்துவிட்டு, எர்த் வயரை மட்டும் தனியாக இழுக்கலாமா?

வயரின் நிலையைப் பொறுத்தது. மேலுறையை விரலால் வளைத்தால் பிஸ்கட் மாதிரி உடைகிறதென்றால் எர்த்தைச் சேர்ப்பது வீண். முழு வயரையும் மாற்ற வேண்டும். அலுமினிய வயராக இருந்தாலும் அதே பதில். அலுமினியம் திருகாணிக்கு அடியில் நாளடைவில் நசுங்கித் தளரும், மேலே ஆக்சைடு படியும், இணைப்பு சூடேறும். அதோடு செம்பு வயரை வெறுமனே முறுக்கிச் சேர்த்திருந்தால் அந்த முடிச்சுதான் ஒரு நாள் கருகும். சுவிட்ச் போர்டு அருகே கருகிய வாடை, சுவரில் பழுப்புக் கறை இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

பணம் ஒரே தவணையில் இல்லாதவர்களுக்கு என் வரிசை இது. முதலில் மெயின் போர்டு: நியூட்ரல் ஃபியூஸை ஒழித்து, எம்சிபியும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும். அடுத்து எர்த் குழியும், அங்கிருந்து போர்டுக்கு அறுபடாத ஒரே வயரும். பிறகு ஃபிரிட்ஜ், சமையலறை, குளியலறை, வாஷிங் மெஷின், மோட்டார் ஆகிய இடங்களுக்கு மட்டும் புதிய செம்பு வயரில் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும். படுக்கையறை விளக்குகள் அடுத்த வருடம் வரை காத்திருக்கலாம். பொதுவாக மக்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: கூடத்தில் பளபளக்கும் மாடுலர் சுவிட்சுகளை மாட்டிவிட்டுப் பின்னால் அதே பழைய வயரை விட்டுவிடுகிறார்கள்.

வயர் அளவு சுருக்கமாக: விளக்கு, மின்விசிறிக்கு 1.5 சதுர மி.மீ. போதும். 16 ஆம்பியர் பிளக்குக்கு 2.5, ஏசி மற்றும் பெரிய கீசருக்கு 4. எல்லாம் செம்பு, ஐஎஸ்ஐ முத்திரையுடன்.

கல்லும் மண் சாந்தும் வைத்துக் கட்டிய சுவர். வெட்டி பைப் பதிக்கலாமா?

வேண்டாம். கட்டிங் மெஷின் வைத்தால் மண் சாந்து அதிர்ந்து உதிரும், ஒரு கல் அசைந்தால் பக்கத்துக் கல்லும் அசையும். படுக்கைவாட்டில் நீளமாக வெட்டுவது சுவரின் பலத்தையே குறைக்கும். சுவரின் மேல் அடித்து மூடி போடும் பிவிசி கேசிங்-கேப்பிங்கை உத்தரத்தை ஒட்டிக் கொண்டுபோய், கதவு நிலையின் ஓரமாக இறக்கினால் கண்ணுக்கும் உறுத்தாது, நாளை திறந்து பார்க்கவும் முடியும். பதித்த பைப்தான் கௌரவம் என்று நினைப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை, செங்கல் சுவராக இருந்தால்.

ஆர்சிசிபி போட்ட நாளிலிருந்து அடிக்கடி விழுகிறது. எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

எடுக்கச் சொல்பவரை மாற்றுங்கள். அது விழுவதற்குக் காரணம் இருக்கிறது, பழைய வீட்டில் அநேகமாக மூன்றில் ஒன்று.

முதலாவது, இன்வெர்ட்டர். நம் வீடுகளில் இன்வெர்ட்டர் பின்னால் வந்து சேர்ந்தது. அதன் சுற்றுகளின் நியூட்ரலும் மற்ற சுற்றுகளின் நியூட்ரலும் ஒரே கட்டையில் இணைக்கப்பட்டிருக்கும். ஃபேஸ் ஒரு பாதையில் ஆர்சிசிபியைக் கடந்து போகிறது, நியூட்ரல் வேறு பாதையில் அதைச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. கணக்கு இடிக்கிறது, விழுகிறது. நியூட்ரல்களைப் பிரித்துத் தனித்தனிக் கட்டையில் இணைத்தால் தீர்ந்துவிடும். மின்வெட்டின்போது மெயின் ஆர்சிசிபி இன்வெர்ட்டர் பக்கத்தையும் காப்பதாக எண்ண வேண்டாம். இன்வெர்ட்டர் வெளியீட்டுக்குத் தனியாக ஒன்று வேண்டும்.

இரண்டாவது, எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருப்பது. மேலே திட்டிய அந்தத் துண்டு வயர் இன்னொரு பிளக்கில் ஒளிந்திருக்கலாம்.

மூன்றாவது, உண்மையான கசிவு. மழை நாளில் மட்டும் விழுகிறதென்றால் ஓதம் ஏறிய சுவரில் ஏதோ ஒரு இணைப்பு நனைகிறது. கீசர் போட்டால் மட்டும் விழுகிறதென்றால் அதன் ஹீட்டர் கம்பி விரிசல் விட்டிருக்கிறது. எல்லா எம்சிபியையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும்.

மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழ வேண்டும். அந்தப் பட்டன் ஆர்சிசிபியை மட்டுமே சோதிக்கிறது, எர்த்தை அல்ல. புதிதாக வாங்குவதானால் ஏ (A) வகையைக் கேளுங்கள். இப்போதைய இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின்களின் கசிவை ‘AC’ என்று குறித்த பழைய வகை ஆர்சிசிபி சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

ஓசூரில் இருக்கிறோம். குளிருக்குக் கீசர் இல்லாமல் முடியாது. குளியலறைக்கு வெளியே இருக்கும் சாதாரண பிளக்கில் செருகலாமா?

கூடாது. 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியருக்கு அருகில் இழுக்கும், 3 கிலோவாட் என்றால் 13. சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. பெரிய பிளக்கைச் சின்னத் துளையில் நுழைக்கும் மாற்றுக் கட்டைகள் கடையில் தொங்குகின்றன. கீசருக்கோ இன்டக்‌ஷன் அடுப்புக்கோ அவற்றைப் போட்டால் ஒரு சில வாரங்களில் பிளக் உருகத் தொடங்கும். மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி எம்சிபி, 16 ஆம்பியர் பாயிண்ட், எர்த்.

வாளியில் போடும் ஹீட்டர் ராடு இன்னும் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பல வீடுகளில் ஓடுகிறது. சுவிட்சை அணைத்து, பிளக்கையும் எடுத்த பிறகே தண்ணீரில் விரல் வையுங்கள்.

இரண்டு பின் உள்ள சாதனங்களுக்கு எர்த் எங்கே போகும்?

சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு உள்ளது, எர்த் தேவையில்லை. மொபைல் சார்ஜர், பெரும்பாலான டிவிகள் இவ்வகை. உலோக உடல் உள்ள பொருளில் மூன்றாவது பின்னை வெட்டிவிட்டு இரண்டு துளையில் செருகுவது வேறு. அந்தப் பின் மற்ற இரண்டையும்விட நீளமாக இருப்பதே, செருகும்போது எர்த் முதலில் சேர்ந்து, எடுக்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காக.

எதையெல்லாம் நானே செய்யலாம்?

டெஸ்ட் பட்டனை அழுத்துவது, எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது, கருகிய வாடையைக் கவனிப்பது. மீட்டரின் சீலும் அதற்கு முன்னால் உள்ள ஃபியூஸும் மின்வாரியத்துக்குச் சொந்தம். உங்கள் வயர்மேனும் தொடக் கூடாது. வேலை முடிந்ததும், ஒவ்வொரு பிளக்கிலும் ஃபேஸ்-எர்த் அளவையும் குழியின் ஓம் அளவையும் ஒரு தாளில் எழுதி வாங்கி மெயின் போர்டின் கதவுக்குள் ஒட்டுங்கள். எழுதித் தரத் தயங்குபவர் அளக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

வாடகை வீடு. வீட்டுக்காரர் செலவு செய்ய மாட்டேன் என்கிறார்.

ஆர்சிசிபி உள்ளே பொருத்திய எக்ஸ்டென்ஷன் பெட்டியை வயர்மேனிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம்: உள்ளே 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, ஒரு எம்சிபி, வெளியே 16 ஆம்பியர் பாயிண்ட். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் அதன் வழியாக ஓடட்டும். எர்த் இல்லாத சுவரில் செருகினாலும் உயிர் காக்கும் அளவுக்கு வேலை செய்யும், வீடு மாறும்போது கூடவே வரும். மெயின் போர்டில் கைவைப்பதாக இருந்தால் மட்டும் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மின் இணைப்பு அவர் பெயரில் இருக்கிறது.